வெற்றாக இருக்கலாம்

அஸ்தம்பட்டி ரவுண்டானா தெரியும் இரண்டாம் மாடி.
மூவாயிரத்து நூற்றுப் பதினாறு குறிப்புகள்.
பதினோரு வருட வரைபடங்களிலிருந்து
மென்பொருள் உரித்துக் கொட்டியிருக்கிறது,
லீ பஜாரில் கிழிந்த மூட்டை மாதிரி
பருப்பும் கல்லும் சணலுமாக.

"தளத்தில் சரிபார்க்கவும்"
நாற்பத்து மூன்று விதம்.
இடம் விட்டு ஒருவர், ஒற்று மிகுத்து ஒருவர்,
ஓரிடத்தில் வெறுமனே "பார்க்கவும்".
எதை என்று கொத்தனார் கேட்டிருக்க மாட்டார்.
வானத்தைப் பார்த்திருப்பார்.

முதல் நாள் எனக்கொரு கொள்கை இருந்தது:
ஒரு வாக்கியம் ஒரு முறைதான் வாழ வேண்டும்.
வீடுகள் அதன் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.
சுவரிலிருந்து ஒரு கோடு, கோட்டின் முனையில் வட்டம்,
வட்டத்துக்குள் 0417.
0417 எங்கோ ஓர் அட்டவணையில்
தன் ஒரே சட்டையைத் துவைத்து உடுத்திக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை வரை நன்றாகத்தான் இருந்தது.

கொட்டச்சேட்டில், பெலிசிட்டா மேடத்தின் காப்பித் தோட்டத்து வீட்டில்
பிடிச்சுவர் வயிறு தள்ளியது.
சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நின்று
"பின்னால தண்ணி நிக்குதுங்க" என்றார் செங்கோடன்.
0417-ஐத் திறந்தேன். "சுவரில் வடிகுழாய், 75 மி.மீ."
எழுபத்தைந்தை நூற்றுப்பத்து ஆக்கினேன்.
ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, பின்னால் ஜல்லி.
சேமி.

மறுநாள் அம்மாபேட்டையிலிருந்து ஒரு சிரிப்பு:
"ஏங்க, தறி ஓடுற வீடு இது.
காம்பவுண்டு சுவத்துல எட்டு ஓட்டை போடச் சொல்லுது படம்.
எலி போய் வர்றதுக்குங்களா?"

ஒரே ராத்திரியில் பத்தொன்பது வீடுகளில்
மலை மழையைப் பெய்ய வைத்திருக்கிறேன்.

அன்று அட்டவணையைப் பிரித்தேன்.
குறிப்பு ஒரு பெட்டி. வீடு ஒரு பெட்டி.
எந்தப் படம், எத்தனையாவது திருத்தம் என்று
நடுவில் நின்று இரண்டு பக்கமும் கை பிடிக்க மூன்றாவது.
புதிதாய் ஒரு நிரலும்: கடல் மட்டத்துக்கு மேல் உயரம்.
சேலம் இருநூற்று எழுபத்தெட்டு.
ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு சொச்சம்.
இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்;
அதற்கு நிரல் போடவில்லை.

பிறகு வகைகள்.
கட்டுவேலை, கம்பி, மரம், மின்சாரம், குழாய், பூச்சு.
லிண்டல் இரண்டாயிரத்து நூறில்: கம்பி.
அஸ்திவாரத்தின் மேல் தார்ப்பூச்சு: கட்டுவேலை.
"இங்கே மரம் இருக்கிறது, தொட வேண்டாம்":
மரம் என்று தானாகவே எடுத்துக்கொண்டு
தச்சர் பட்டியலில் போட்டுவிட்டது.
செங்கோடனுக்கு அது போய்ச் சேர்வதற்குள் மாற்றினேன்.

மிஞ்சியது ஒன்று. 2088.
ஷாகிரா எழுதியது,
மஸ்கட் கிளம்புவதற்கு முந்தைய வாரத் தேதி.
நாகலூர் வீடு, வடக்குச் சுவர், ஜன்னலுக்குப் பக்கத்தில்,
அச்சில் வராத அடுக்கில், எறும்பு எழுத்தில்:
"இந்த ஜன்னலை அவர்கள் கேட்கவில்லை.
அளவு என்னுடையது.
மூடுபனி உள்ளே வந்துவிட்டுப் போகட்டும்."

என்ன வேலை? யார் செய்வது? என்ன பொருள்?
கட்டாய நிரல்கள் மூன்றும் சிவந்து துடித்தன.
அந்த வீடு எழும்பவே இல்லை,
கடன் தேறவில்லை என்று கேள்வி.
வரைபடத்தை நீக்கினால்
அதன் குறிப்புகளும் சேர்ந்து நீங்க வேண்டும் என்று
விதி எழுதியவள் நான். போன வாரம்.
நன்றாக யோசித்துத்தான் எழுதினேன்.

மணி ஒன்பதே கால்.
கீழே தட்டுவடை செட்டுக் கடையில்
துருவிய பீட்ரூட் மிச்சத்தை வழித்துக்கொண்டிருந்தார்கள்.
வகை என்ற நிரலின் அமைப்புக்குள் போனேன்.
"வெற்றாக இருக்கலாமா?"
ஆம் என்ற கட்டத்தில் ஒரு டிக்.
மற்ற இரண்டுக்கும் அதே.

அடுத்து, குளியலறைத் தரைச் சரிவு, நூறுக்கு ஒன்று.
இதில் ஒன்பது விதம்.
ஒன்றில் நூறுக்கு நூறு என்று இருக்கிறது.
யாராவது வழுக்கி விழுந்திருக்க வேண்டும்.